பின் சீட் இல்லாத வெள்ளைக் கார்

எங்கள் பக்கத்தில் யார் சின்னக் கார் வாங்கப் போனாலும் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இன்ஜினியருக்குப் படித்தவர்களும் கேட்பார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகாமல் தறிக்கு நூல் சுற்றும் ராட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒரு சின்னக் காரைப் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டி, அதன் நல்லது கெட்டது இரண்டையும் உடம்பில் வாங்கியவன் இந்தத் திருத்தணியில் என்னைப்போல் இன்னொருவன் இருக்க மாட்டான்.

கம்பெனிக்காரர்கள் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று சொல்வார்கள். பாட்டுப் பெட்டி இருக்கிறது, பவர் கண்ணாடி இருக்கிறது என்பார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: அந்த வண்டியில் ஒரு ஆளைப் படுக்கவைக்க முடியுமா? சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் கார் வாங்கியது ஊர் சுற்றுவதற்கு இல்லை. என் மனைவியின் மூச்சுக்காக வாங்கினேன். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. கல்யாணமாகிப் பெண் பிறந்த பிறகுதான் அது தெரிந்தது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றார் மெட்ராஸ் டாக்டர். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். மாத்திரையில் ஓட்டினோம். திடீரென்று மூச்சு அடைக்கும். உடனே மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு தடவை ரயிலுக்குப் போனபோது ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடெல்லாம் நீலம். பின்னால் வந்தவர்கள் "வழிய வுடும்மா, வண்டி வந்துச்சி" என்று அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். இனி இவள் ரயில் ஏறக் கூடாது என்று அந்தப் படியில் நின்றே முடிவு செய்தேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது நான் சொந்தமாக விசைத்தறி போட்டு லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். என் நைனா எனக்கு விட்டுப்போனது உளுத்துப்போன ஒரு கைத்தறி மட்டும்தான். மற்றதெல்லாம் நானே சம்பாதித்தது. அண்ணன் தம்பி கொடுத்தான், மாமனார் கொடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் காரும் அப்படித்தான். மெட்ராஸில் ஒருவர் வைத்து ஓட்டிய பழைய வண்டி, வெள்ளை நிறம். ஏரி வற்றிக் கிடந்த மாதத்தில் அதன் நடுவிலேயே ஓட்டிப் பழகினேன். கற்றுக்கொடுக்க வந்தவர் ஒரு வாரம்கூட முழுசாக உட்காரவில்லை, "உங்களுக்கு இனிமே நான் எதுக்கு?" என்று இறங்கிப் போய்விட்டார்.

மலைமேல் கொண்டுபோய் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கித் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். எங்கள் தெருவில் அதற்கு முன் கார் நின்றதில்லை. என் மனைவியின் தம்பி லாரி ஓட்டுபவன். அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா பாவா, தகர டப்பாவுக்குச் சக்கரம் மாட்டிகினு வந்துகிற?"

"உன் லாரி இந்தத் தெருவுக்குள்ள வருமாடா?"

"அது எப்பிடி வரும்?"

"அப்ப வாய மூடிகினு ஏறு. குனிஞ்சி ஏறு, தலை இடிக்கும்."

குனிந்தும் இடித்துக்கொண்டான். என் மனைவி வாசலில் நின்று சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இளைக்கும். அன்றைக்கு இளைத்துக்கொண்டே சிரித்தாள்.

அந்த வண்டியின் நல்லது எல்லாம் அதன் சின்ன உடம்பில்தான் இருந்தது. தறிக்காரத் தெருக்களில் இரண்டு பக்கமும் சைக்கிள் நிற்கும், பாவு உருளைகள் சாத்தியிருக்கும், கழிவு நூல் மூட்டை கிடக்கும். அதற்கு நடுவில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு வாசல்வரை போய்விடலாம். ரிப்பேர் என்றால் ஸ்கூட்டர் மெக்கானிக்கே கை வைப்பார். சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். பெட்ரோல் வாசனை பிடித்துக்கொண்டே மெட்ராஸ் போய்த் திரும்பும். கெட்டது என்றால், தகடு மெலிசு. திருப்பதி ரோட்டில் லாரி கடந்தால் அதன் காற்றே நம்மை மண்ணுக்குத் தள்ளும். பின்னால் மூன்று பேர் ஏறினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு உரசும். அந்தச் சத்தத்தில் என் பல் கூசும். எல்லாவற்றையும்விட, பின் சீட் குட்டையானது. குழந்தை படுக்கலாம். பெரிய ஆள் படுத்தால் முழங்காலை மடக்கித்தான் ஆக வேண்டும்.

அந்தக் காலத்தில் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் வழக்கம் கிடையாது. தெருவில் யாருக்கு வலி வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். நான் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை, பெட்ரோலுக்கு என்று கை நீட்டியதில்லை. பிரசவத்துக்குப் போன பெண்கள், பாம்பு கடித்தவர், தறியில் விரல் சிக்கியவர், எல்லாரும் அந்தப் பின் சீட்டில் போய் உயிரோடு திரும்பியவர்கள். இந்தத் தெருவில் இன்றைக்கு நடமாடும் பலபேர் என் ஸ்டியரிங்கால் நடமாடுகிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அது வாய்க்கவில்லை. அவள் என் மனைவிக்கு நெருக்கமான சிநேகிதி. மத்தியானத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் நூல் சுற்றுவார்கள். அவளுக்கு வயிற்றுவலி வந்தபோது சூடு என்று மோர் கொடுத்தார்கள், வெந்தயம் கொடுத்தார்கள். வலி தாங்காமல் டாக்டரிடம் போனபோது, குடல்வால் வெடித்துவிட்டது, உடனே மெட்ராஸுக்குப் போங்கள் என்றார். பின் சீட்டில் புருஷன் மடியில் தலை வைத்து, காலை மடக்கிப் படுத்தாள். கனகம்மாசத்திரம் தாண்டியதும் அவன் என் தோளைத் தொட்டான்.

"அண்ணா, நிறுத்துங்க. பேசமாட்டேங்கறா."

பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வெளியே போயிருந்தார். அவர் வந்து பார்த்து, போய்விட்டது என்று சொல்லும்வரை அவள் வண்டியிலேயே கிடந்தாள். வெளியே தார் உருகுகிற வெயில். வேறு வண்டி கிடைக்காமல் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தேன். வாசலில் இறக்கும்போது உடம்பு விறைத்துவிட்டிருந்தது. மடங்கிய முழங்கால் மடங்கியபடியே நின்றது. அந்தச் சின்னக் கதவு வழியாக நாலு பேர் அவளைத் திருப்பித் திருப்பி எடுத்தார்கள்.

எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் உயிர் போன உடம்பை வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். வாசலோடு சரி. எதிர் வீட்டுப் பெண்ணைத் தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். அவள் தினமும் கோலம் போட்ட இடத்தில் பெஞ்சின் கால்கள் நின்றன. முழங்காலை அமுக்கி நிமிர்த்தித் துணியால் கட்டினார்கள். என் மனைவி எங்கள் வீட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். உள்ளே வா என்று நான் கூப்பிட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் காரில் ஏறவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மறுபடி மலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டேன். சீட்டுக்குப் புதுத் துணி தைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரை வாங்க மெட்ராஸ் போக வேண்டிய நாள் வந்தது. ரயிலில் போகிறேன் என்றாள்.

"அந்தப் படியில உக்காந்தத மறந்துட்டியா?" என்றேன்.

"அது தேவல. இத்த பாருங்க, எனக்கும் ஒரு நாள் அப்பிடித்தான் ஆவும். அவள மடிச்ச மாதிரி என்னிய மடிச்சி வெக்காதீங்க. தெருவுல போட்டு அமுக்கவுடாதீங்க. நான் இந்த வண்டில சாவக் கூடாது. நம்ம வூட்டுக்குள்ள போயிதான் சாவணும்."

"இன்னா பேச்சு இது?"

"சொல்லுங்க."

"ஆங், சரி."

"ஆங் இல்ல. உள்ள இட்டுகினு போறன்னு சொல்லுங்க."

சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான். வியாபாரத்தில் என் வாய் வார்த்தையை நம்பித்தான் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் நூல் அனுப்புவார்கள்.

அன்றைக்கே ஸ்பேனரை எடுத்துக்கொண்டுபோய்ப் பின் சீட்டை அப்படியே கழற்றி, பழைய சாமான் எடுக்கிறவர் வண்டியில் ஏற்றிவிட்டேன். "இப்ப வந்து பாரு" என்றேன். வந்து எட்டிப் பார்த்தாள். பின்னால் வெறும் தகரத் தரை. பிறகு முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏன் பாவா, அஞ்சு பேர் போற வண்டிய ரெண்டு பேர் வண்டி ஆக்கிட்ட. இதுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே!" தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு உறைக்கவில்லை. பின் கதவைத் தூக்கினால் லுங்கிக் கட்டு ஏற்ற எவ்வளவு இடம்! மகள் காலேஜ் சேர்ந்த பிறகும் அந்தக் கட்டுகள்மேல் சப்பணம் போட்டுத்தான் எங்களோடு மெட்ராஸ் வருவாள். "நைனா, மெதுவா போ, கூரை முட்டுது" என்று கத்துவாள். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பின் சீட் இல்லாததால் முன் சீட்டின் முதுகைச் சாய்த்தால் அது முழுசாகப் படுத்துவிடும். காலையும் முன்னால் நீட்டிக்கொள்ளலாம். அவளை அப்படிச் சாய்த்துப் பார்த்தேன். "மடங்கல" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக எதைக் கழற்றி எறிந்தாலும் தகும்.

அப்படியே சில வருஷம் ஓடியது. மெட்ராஸை எல்லாரும் சென்னை என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. இரண்டு தலையணை வைத்தாலும் படுக்க முடியவில்லை. ஆடி மாதத்தில் மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிருத்திகை அன்று காலை டாக்டர் என்னை வெளியே அழைத்தார். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இப்போதே கிளம்புங்கள் என்றார். ஆஸ்பத்திரி வேன் மத்தியானம்தான் வரும். டாக்டர் பேசிய விதத்தில் மத்தியானம்வரை நேரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே போய் அவளிடம் சொன்னேன். கண்ணைத் திறந்து, "நம்ம வண்டிலயா?" என்றாள்.

"நம்ம வண்டிலதான். படுத்துகினே போலாம்."

"சீக்கிரம் போங்க."

முன் சீட்டைச் சாய்த்துத் தலைப்பக்கம் மட்டும் துணி மடித்து உயர்த்திப் படுக்கவைத்தோம். மகள் பின்னால் தகரத்தின்மேல் போர்வை விரித்து உட்கார்ந்து, அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பூந்தமல்லி தாண்டுகிறவரை அவள் மூச்சு எனக்கே கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். திருவள்ளூரில் தண்ணீர் கேட்டாள். மகள் உதட்டை நனைத்தாள். "எங்க வந்தோம்?" என்று படுத்தபடியே கேட்டாள். "பாதி வந்துட்டோம்" என்றேன். அந்த வண்டியை அவ்வளவு வேகமாக அதற்கு முன் நான் ஓட்டியதில்லை. ஸ்டியரிங் கையில் உதறியது. லாரிகளை இடதும் வலதுமாக ஏறிக் கடந்தேன். அந்த எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கனகம்மாசத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். பின்னாலிருந்து மகள் "நைனா" என்றாள்.

நான் திரும்பவில்லை.

"நைனா, அம்மா..."

"பேசாத. அம்மா தூங்குது. தலைய நல்லா புடிச்சிக்க."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எஞ்சின் சத்தம் பெரிதாக இருந்தது. வேறு எதுவும் காதில் விழாது. பக்கத்தில் பார்த்திருக்கலாம். ஒரு கையை எடுத்து அவள் மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. ரோடு முழுக்கக் காவடி எடுத்து நடந்து வருகிற கூட்டம். மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக ஜனங்கள். ஒரு நிமிஷம் கண்ணை எடுத்தாலும் யார்மேலாவது ஏற்றிவிடுவேன்.

ஊருக்கு வெளியே எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். பஸ்கள் வயலோரம் வரிசையாக நின்றன. தடுப்புப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"எந்த வண்டியும் உள்ள போவக் கூடாது. திருப்பு, திருப்பு."

"சார், சம்சாரம் சார். ஆஸ்பத்திரில கைவிட்டுட்டாங்க. உயிர் கீது. வூட்டுக்குள்ள கொண்டுபோவணும்."

அவர் குனிந்து ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். பிறகு பின்னால் இருந்த மகளைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. தடுப்பை இழுத்து, இந்தக் கார் நுழைகிற அளவுக்கு வழி விட்டார். பெரிய வண்டியாக இருந்தால் அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குள் போயிருக்க முடியாது. ஹாரன் அடிக்காமல் ஊர்ந்தேன். அரோகரா போட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, சத்தத்தை நிறுத்தி, காவடியைச் சாய்த்து ஒதுங்கினார்கள். அங்கிருந்து சந்து சந்தாகப் புகுந்து எங்கள் தெருவுக்கு வந்தேன்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்தே மாமனுக்குப் போன் செய்திருந்தாள். தெருவில் கூட்டம் நின்றது. எங்கள் வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள்.

இறங்கியதும் அந்தப் பெஞ்சைத்தான் நான் முதலில் எட்டி உதைத்தேன். "எவன்டா இத்த போட்டது? எடு! உயிர் கீது அவளுக்கு. உள்ள தூக்குங்க."

மச்சான் காருக்குள் குனிந்தான். அக்காவின் கன்னத்தைத் தொட்டான். நிமிர்ந்தபோது அவன் வாய் கோணிக்கொண்டிருந்தது. "பாவா..." என்றான்.

"இன்னாடா?"

"நீ பாத்தியா பாவா?"

"பாத்தேன். நான் சொல்றன் இல்ல? மூச்சு கீது. கால நீ புடி."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு தெருப் பக்கம் திரும்பி, உரக்க, "ஆங், கீது, கீது, தள்ளுங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டுக் காலைப் பிடித்தான். அவள் உடம்பு மடங்கவில்லை. நேராகப் படுத்தவள் நேராகவே வந்தாள். வாசற்படி தாண்டி, கூடத்தில் பாய் விரித்துக் கிடத்தினோம்.

எதிர் வீட்டுக் கிழவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மருமகளைத் தெருவில் கிடத்தியதைப் பார்த்தவள் அவள். பால் கொண்டுவரச் சொன்னாள். என்னையும் மகளையும் ஊற்றச் சொன்னாள். ஊற்றிய பால் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு ஓடியது. கிழவி முந்தானையால் அதைத் துடைத்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பதான் போச்சி" என்றாள்.

"இப்பதான்" என்றேன் நான்.

கூடத்தில் நின்ற பெண்களெல்லாம் "ஆங், இப்பதான், இப்பதான்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தார்கள்.

காரை நான் அதற்குப் பிறகு ஓட்டவில்லை. தெருவில் நின்று டயர் காற்று இறங்கியது. குருவி எச்சம் போட்டது. அதற்குள் தெருவில் இன்னும் இரண்டு கார் வந்துவிட்டது. யாரும் என் கதவைத் தட்டவில்லை. பத்து மாதம் போயிருக்கும், நகரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வாங்க வந்தார். துணி வியாபாரி. லுங்கிக் கட்டு ஏற்றத்தான் வண்டி வேண்டும், பின் சீட் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தார், தரைத் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிற எல்லாரும் கேட்பதைக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா. இதுல யாருக்குனா உயிர் போயிருக்குதா?"

"ஒருத்திக்கு. எதிர் வீட்டுப் பொண்ணு. அவ படுத்த சீட்ட அப்பவே கழட்டிப் போட்டுட்டேன்."

அவர் யோசித்தார். வண்டியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். முன் சீட்டின் முதுகைச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்தினார்.

"ஒருத்திதான் இல்ல?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சாவியோடு வாசலில் நின்றிருந்த மகள்தான் பதில் சொன்னாள்.

"ஒருத்திதாங்க. எங்க அம்மா வூட்டுக்குள்ளதான் போனாங்க."

சொல்லிவிட்டு, படியிறங்கி வந்து சாவியை அவர் கையில் கொடுத்தாள்.